அண்ணன் கொண்டுவந்த பை

நான் கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததிலிருந்து என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. "அண்ணன் என் வாசலுக்கு வரணும், ஆண்டவரே" என்று ஆறு வருடமாகத் தினமும் முழங்கால்படியிட்டு ஜெபித்தேன்.

போன மாசியில் ஒரு மதியம், விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்து, கனத்த பையோடு எங்கள் கேட் முன்னால் நின்றார். எனக்கு ஜெபம் நினைவுக்கே வரவில்லை. ஊர்ப்பக்கம் காற்றாலைக்காரர்கள் நிலம் கேட்டு அலைவதும், அப்பாவின் காட்டில் எனக்கும் பங்கு இருப்பதும்தான் நினைவுக்கு வந்தன.

பூட்டைத் திறக்காமலே, "எந்தப் பத்திரத்துலண்ணே கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "ஏட்டி, ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன்" என்று பையைக் கேட் முன்னாலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பூட்டைத் திறந்து பையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் காட்டில் விளைந்த பாசிப்பயறு. அப்போதும் நம்பாமல், பயறுக்குள் கைவிட்டுப் பத்திரம் தேடினேன். இல்லை. வெட்கத்தோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை. அண்ணன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அண்ணன் மனைவி, என் மதினி, இன்னும் என்னோடு பேசவில்லை. இப்போது அவருக்காக ஜெபிக்கிறேன். ஆனால் முழங்கால் போடும் முன், போய் வாசல் கேட் பூட்டைத் திறந்துவிட்டு வருகிறேன்.