கல்லாற்றுப் பள்ளத்திலிருந்து வந்த குரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு, சொந்த செட் வைத்து அலைவழியே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. திருவனந்தபுரத்தில் கரமனையில் வீடு, மொட்டைமாடியில் தென்னைக்கு மேலே தலை நீட்டும் ஆன்டெனா. நாங்கள் பேசுகிற அலை ஏறக்குறைய கண்பார்வை மாதிரிதான், உயரத்தில் நின்றால் தூரம் போகும், நடுவே மலை வந்தால் தீர்ந்தது. என் நண்பன் செல்வம், வள்ளியூர்க்காரன், இங்கே ஓட்டல்களுக்கு வயரிங் செய்கிறவன், கையடக்க செட்டோடு பொன்முடி மலை உச்சியில் நின்றால் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்கும். கீழே கல்லாற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஒரு முணுமுணுப்புகூட வராது. எத்தனையோ தடவை சோதித்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உச்சியிலிருந்து பேசிவிட்டு, "இறங்குதேன் அண்ணே" என்றான். மதியம் தாண்டி இங்கே இடி இடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனபோது பார்த்தேன், கிழக்கே மலை முழுக்கக் கருத்துக் கிடந்தது. மேலே பெய்தால் கல்லாறு சொல்லாமல் கொள்ளாமல் பொங்கும், பள்ளத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. போன் போட்டேன், கிடைக்கவில்லை.

கீழே வந்தால் செட்டில் அவன் குரல், அவ்வளவு தெளிவு.

"அண்ணே, கல்லாத்துல நிக்கேன். தண்ணி நல்லா தெளிஞ்சு கெடக்கு, ஒரு முங்கு போட்டுட்டு வாறேன்."

"எறங்காதடே! மேல மழை, கரைக்கு ஏறு!" என்று கத்தினேன்.

"செரி அண்ணே" என்றான்.

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினால், ஆன்டெனா கேபிள் தரையில் கிடக்கிறது. இடி இடித்தால், மின்னல் செட்டுக்குள் பாயாமலிருக்க அதைக் கழற்றிவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம், கை தானாகச் செய்துவிடும், அன்றும் செய்திருக்கிறது. மலைக்குப் பின்னால் அவன், ஆன்டெனாவே இல்லாமல் நான். அலை ஏதாவது பாறையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். திரும்பி வந்தாலும் உள்ளே நுழைய ஒரு கம்பியாவது வேண்டாமா? பயந்துபோய் செட்டை அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தான். கரையேறிய சற்று நேரத்தில் அவன் நின்றிருந்த பாறையை வெள்ளம் மூடிவிட்டதாம். உயிரோடு வந்தானே என்று கட்டிக்கொண்டேன், அழுதும்விட்டேன்.

"அடிவாரத்துல விதுரா வரைக்கும் பேசிட்டே கூட்டிட்டு வந்தீங்களே அண்ணே, இல்லேன்னா அந்த மழையில நான் பயந்தே செத்திருப்பேன்" என்றான்.

நான் பேசியது கத்திய அந்த ஒரு பேச்சுதான்.

"என்னடே பேசினேன்?" என்று கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குரல் வழியெல்லாம் என்ன பேசியது என்று இன்றுவரை சொல்லவில்லை. சில நாள், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்பான்.

"அண்ணே, அது நீங்கதானே?"

"நாந்தாண்டே" என்கிறேன். வேறு என்ன சொல்ல?