பெண்கள் கூடை தூக்காத காலை

பெரியப்பாவிடம் அம்மா நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. புருஷனுடைய அண்ணனிடம் அப்படிப் பேசுவது எங்கள் குப்பத்தில் வழக்கமில்லை. அவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துச் சொல்வாள். அவர் காதில் விழும். பதிலை அவரும் அதே ஆளிடம் சொல்வார். பெரும்பாலும் அந்த ஆள் நான்தான். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய உத்தியோகம் போலிருந்தது.

புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டி எங்கள் குப்பம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறியதே தவிர சாராயக் கடைகள் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். எங்கள் ஆட்களுக்கு அந்த பஸ் செலவும் இல்லை. தெருமுனையிலேயே கடை இருந்தது. காசை நீட்டுகிற கை எவ்வளவு சின்னது என்று கடைக்காரர் பார்ப்பதில்லை.

பெரியப்பாவிடம் பெரிய வலை இருந்தது. படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்து, கயிற்றின் இரண்டு முனைகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அப்பா அவரிடம்தான் இழுத்தார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயதானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனும் கயிறு பிடித்தான். வலை கரையேறியதும் ஒரு தகரத் தூக்கிலிருந்து ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி சாராயம் கிடைக்கும். பையன்களுக்கு முதலில் விளையாட்டாகத்தான் கொடுத்தார்கள், அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பதற்காக. கொஞ்ச நாளில் பையன்கள் முகம் சுளிப்பதை நிறுத்திவிட்டார்கள். சிரிப்பும் நின்றது. கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் அண்ணன் தன் பங்கைக் குடித்துவிட்டு, வலையில் ஒட்டிய மண்ணை அலச மறுபடி கடலில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்தான். பிறந்ததிலிருந்து பார்த்த கடல். ஆனால் அலை வந்தபோது அவனுக்குக் கால் ஊன்றத் தெரியவில்லை. ஒரு தடவை தலை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. சித்தப்பா முறை ஆகும் ஒருவர் பாய்ந்து, கைக்கு அகப்பட்ட தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து மணலில் குப்புறப் போட்டார். முதுகை அழுத்த அழுத்த, கடல் தண்ணீரும் சாராயமும் கலந்து அவன் வாயிலிருந்து வந்தது. ஏலத்துக்குக் காத்திருந்த அம்மா மீன் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பெரியப்பா என்னைப் பார்த்து, "குளிருக்கு ரெண்டு மடக்கு, அவ்ளோதான். ஆம்பளப் புள்ள, பொழச்சிக்குவான்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். அம்மா அன்றைக்குப் பதிலே சொல்லவில்லை. என் உத்தியோகத்துக்கு அது முதல் தடங்கல்.

அடுத்து வந்த நாட்களில் அம்மா தெருக்குழாயில் ஒரு குடம் பிடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அங்கே பெண்கள் தணிந்த குரலில் பேசினார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். காதில் விழுந்த வரைக்கும், ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒரு பையன் இருந்தான். ஒருத்தியின் மகன் சாயங்காலமானால் கடை வாசலில் நிற்கிறான், இன்னொருத்தியின் மகன் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது என்கிறான். அவனுக்கு என் அண்ணனைவிட ஒரு வயது குறைவு.

அப்புறம் அந்தக் காலை வந்தது. வலை நிறைய, மத்தி போலச் சின்னதான கவலை மீன், நடுவில் சில பெரிய பாறை மீன்கள். வலைக்கு அப்படி வாய்ப்பது அபூர்வம். மணலில் வெள்ளி கொட்டிக் கிடந்தது போல மீன் கிடந்தது. ஏலம் எடுத்துக் கூடையில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடவேண்டிய பெண்கள் ஓடவில்லை. கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அம்மா.

முதலில் ஆண்கள் சிரித்தார்கள். வெயில் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. எங்கள் கரையில் ஐஸ் கிடையாது. மீன் கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தால் அப்புறம் அது கருவாட்டுக்குத்தான். காக்கைகள் கூடிவிட்டன. பெரியப்பா என் எதிரே வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் குந்திக்கினு இருக்காங்கன்னு உங்கம்மாவைக் கேளு."

அம்மா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "பசங்களுக்கு ஊத்தமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கூடையை எடுக்கறோம்."

"என் வலை, என் சாராயம். எனக்கு பொம்பளைங்க சட்டம் போடறீங்களான்னு கேளு."

"புள்ளைங்க எங்களுதுன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருக்கு அப்படிக் கோபம் வந்து, கயிறு இழுப்பவர் ஒருவரைத் துடுப்பால் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் அம்மாவை அடிக்கவில்லை. திரும்பி அண்ணனைக் கூப்பிட்டார்.

"வாடா. நீ ஆம்பளையா, உங்கம்மா முந்தானையில ஒளியறவனா? எல்லாரும் பாக்கட்டும்."

தூக்கைத் திறந்து கொட்டாங்கச்சி நிறைய மொண்டு நீட்டினார். அண்ணன் வந்து வாங்கிக்கொண்டான். கயிறு பிடிக்கும் மற்றப் பையன்கள் அவனையே பார்த்தார்கள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. கொட்டாங்கச்சியின் விளிம்பிலிருந்து சாராயம் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா அதுவரை கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பாவை எதிர்த்து அவர் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, அண்ணன் கையிலிருந்த கொட்டாங்கச்சியை வாங்கினார்.

"அவன் பங்கு எனக்குண்ணே" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார்.

ஏற்கெனவே தன் பங்கை அவர் குடித்திருந்தார். சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அம்மா உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குச் சாராயத்தைக் கண்டால் பொறுக்கவில்லையே என்று நினைத்தேன்.

"அவனுக்கு வேற இருக்கு" என்று பெரியப்பா மறுபடி மொண்டார். அண்ணனின் கைக்குப் போவதற்கு முன்பே அப்பா அதையும் வாங்கிக் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார். நாலாவதைக் குடிக்கும்போது முழங்கால் மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். கண் செருகியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"ஊத்துண்ணே. அவன் பங்கு."

"போதும்டா. செத்துடப் போற."

"ஊத்து."

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தூக்கை மூடினார். மூடும்போது மூடி சரியாக உட்காராமல் இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டது.

"பசங்களுக்குக் கிடையாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார், என்னைப் பார்க்காமல்.

அம்மா அப்போதும் எழுந்திருக்கவில்லை. "நாட்டாருக்கும் கேக்கற மாதிரி சொல்லச் சொல்லு" என்றாள். ஊர்த் தலைவரான நாட்டார், இதெல்லாம் நடக்கும்போது கொஞ்ச தூரத்தில் நின்று கடலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். "கேட்டுடுச்சும்மா, கேட்டுடுச்சு. மீனை அள்ளுங்க" என்று அவசரமாகச் சொன்னார்.

பெண்கள் எழுந்தார்கள். பாதி மீன் வயிறு பிதுங்கிப் போயிருந்தது. அதை மணலில் காயப் போட்டார்கள். மீதியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்கப்புறம் மற்ற வலைக்காரர்களும் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். சாயங்காலத்தில் இரண்டிரண்டு பெண்களாகத் தெருமுனைக் கடை அருகே நின்று, வருகிற பையனையெல்லாம் "நீ யார் வூட்டுப் புள்ளடா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் புகார் செய்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இவர்கள் சும்மாதானே நிற்கிறார்கள் என்று சொல்லிப் போய்விட்டார். எல்லாப் பையன்களும் திருந்தினார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் நாலு தெரு தள்ளி வேறு கடை கண்டுபிடித்தார்கள். அண்ணன் போகவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து அப்பாவை வீட்டுக்குத் தூக்கிவந்து கிடத்தினார்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அம்மா திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். ஆவலோடு காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவளோ அவருடைய வாந்தியைத் துடைத்தாள், தலையை மடியில் வைத்து மோர் புகட்டினாள். பொழுது சாயும் நேரத்தில்தான் அவர் எழுந்து சுவரில் சாய்ந்தார்.

குழம்பில் பாறை மீன் இருந்தது. நடுத்துண்டை அம்மா அப்பாவின் தட்டில் வைத்தாள். வைத்ததோடு விடாமல், சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோல முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சோற்றோடு பிசைந்தும் கொடுத்தாள். அத்தனை பேர் எதிரில் குடித்து விழுந்தவருக்கு நடுத்துண்டு. காலையிலிருந்து வெயிலில் நின்று தூது சொன்ன எனக்கு வால் துண்டு. இந்த வீட்டில் நியாயமே இல்லை என்று முடிவு கட்டினேன்.

எதிரே அண்ணன் சோற்றில் கை வைக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது. நடுத்துண்டு கிடைக்காத ஏக்கத்தில்தான் அழுகிறான் என்று நினைத்து, என் வால் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.