செல்வி திருப்பித் தந்த பரிசு

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் நடந்த செம்மறிக்குட்டிப் போட்டிக்கு, கால்நடை மருத்துவரான நான்தான் நடுவர். எடை, முதுகு, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். வெயிலில் அவசரப்பட்டு, ஒரு கிடாக்குட்டியின் வாயை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேன். அதற்கே முதல் பரிசு என்று அறிவித்தேன்.

அதை வளர்த்த செல்வி மேடையேறி, பரிசை என்னிடமே நீட்டினார்.

“புள்ளைங்க ஆசப்பட்டாங்கன்னு ஓட்டியாந்தேன் சார். கீழ்த்தாடை உள்ள போயிருக்கு பாருங்க. பரிசு குடுத்தா ஊரே இதத்தான் இனத்துக்கு வுடும். பொறக்கறதும் மேய முடியாம கஷ்டப்படும். ரெண்டாவதா வந்த குட்டிதான் சார் சரி.”

வாயைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கூசிப்போனேன்.

மைக்கில் என் தவறைச் சொல்லி முடிவை மாற்றினேன். முதலில் கைதட்டியவர் செல்விதான்.

அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.