கறுப்பு பெயிண்ட் அடித்த தண்ணீர் பைப்

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, வருஷம் சரியாக ஞாபகமில்லை. கோடைக்காலம், ஞாயிற்றுக்கிழமை, இடம் திண்டிவனம். இந்த மூன்றும் மட்டும் நிச்சயம்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வயது முப்பத்தாறு. தலையில் முடி குறைந்துகொண்டே வந்த நேரம். இந்த வயதில் சிலர் கோயில் குளம் என்று போவார்கள். நான் பொம்மையார்பாளையம் போய் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தேன். சுதந்திரத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் ஹேண்டில்பாரில் மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. டூல் பாக்ஸில் கோழி முட்டையிட்டிருந்தது. கடல்காற்று தின்றது போக மிச்சம் இருந்ததைத்தான் நான் லாரியில் ஏற்றி வந்தேன்.

இரண்டு வருஷம் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் பாகம் பாகமாகக் கிடந்தது. வீட்டுக்காரி ஒருநாள், "அதுக்கும் ஒரு ரேஷன் கார்டு எடுத்துடுங்க. சர்க்கரையாவது சேத்துக் கெடைக்கும்" என்றாள்.

எப்படியோ என்ஜின் உயிர் பெற்றது. மிச்சம் இருந்தது சைலன்சர் ஒன்றுதான். பழையது துருப்பிடித்து சல்லடையாகிவிட்டது. அந்த வண்டிக்குச் சைலன்சர் எந்தக் கடையிலும் கிடைக்காது. வேறொரு ஸ்கூட்டரின் சைலன்சரைக் கட்டிப் பார்த்தேன். வண்டி காசநோய்க்காரன் மாதிரி இருமிவிட்டு நின்றுபோனது. அப்போதுதான் ஒருவர், திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஒரு வெல்டர் இருக்கிறார், வயல்களில் தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜினுக்கெல்லாம் அவர்தான் சைலன்சர் கட்டித் தருகிறார் என்று சொன்னார்.

பழைய சைலன்சரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய் அவரைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒல்லியான ஆள். தகரக் கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். வெல்டர் என் சாக்கைப் பிரித்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, "டப்பா நான் கட்டித்தர்றேன் சார். என்ஜின்ல இருந்து வர்ற பைப்பு மட்டும் நீங்களே வளைச்சி எடுத்தாங்க. ஒன்றரை இஞ்ச்சு, வெறும் கறுப்பு இரும்பா இருக்கணும். தண்ணி பைப்பு வாணாம்" என்றார்.

"ஏன், அது கெட்டியாத்தானே இருக்கும்?"

"கெட்டிதான். ஆனா மேல வெள்ளையா பூச்சு இருக்குது பாருங்க, அத பத்தவெச்சா பொகை நெஞ்சுல எறங்கிடும். பேஜாரு சார்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். நானும் இவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் விழுப்புரத்தில் அந்த அளவில் கறுப்பு இரும்பு பைப் இல்லை. வர இரண்டு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். எனக்கோ வருகிற ஞாயிற்றுக்கிழமையே வேண்டும். காரணம், பிரம்மதேசத்தில் இருக்கிற என் சகலை. இரண்டு வருஷமாக எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "இன்னா சகல, பஸ்லயா வந்தீங்க? வண்டிக்கு இன்னும் மாசம் ஆவலையா?" என்று பிள்ளைத்தாச்சியை விசாரிப்பது மாதிரி விசாரிப்பார். அந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியிலேயே வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கைப்பம்பைக் கழற்றிப் போட்டபோது எடுத்த பைப் கிடந்தது. சரியாக ஒன்றரை இஞ்ச். அதைப் பார்த்ததும் என் மூளை ஒரு வாதத்தைத் தயார் செய்தது. இதில் வந்த தண்ணீரைத்தானே பன்னிரண்டு வருஷம் குடும்பத்தோடு குடித்தோம்? நமக்கு என்ன ஆகிவிட்டது? குடித்தே ஒன்றும் ஆகவில்லை, புகையில் என்ன ஆகிவிடும்? அந்த வெல்டர் கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது!

இந்த வாதத்தில் நானே மயங்கிவிட்டேன். தெரிந்த பிளம்பர் மிஷினில் வைத்து இரண்டு இடத்தில் வளைத்துக் கொடுத்தார். பஸ் சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்டை வாங்கி வந்து இரண்டு கோட் அடித்தேன். பைப் அசல் கறுப்பு இரும்பாகவே ஆகிவிட்டது. அதைப் பார்த்து நான் அடைந்த பெருமையை இன்று நினைத்தால் காது சூடாகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சைலன்சரே இல்லாத வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன். அந்தச் சத்தத்தைச் சொல்ல முடியாது. முண்டியம்பாக்கத்தில் கரும்பு ஏற்றி வந்த மாட்டுவண்டிகள் நான் வருவதற்கு ஒரு பர்லாங் முன்னாலேயே ஓரம் கட்டின. ஒரு வண்டிக்காரர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு, "யோவ், வண்டியா ஓட்டற, வெடியா கொளுத்தற?" என்று கத்தினார். நான் கையை ஆட்டிவிட்டுப் போனேன். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குக் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. அன்றைக்குப் பேய்க்காற்று. புழுதி அடித்து கேஸ் நெருப்பு நிலையாக நிற்கவில்லை. அவர் முன்பக்கத் தகரத்தை இழுத்துச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். டப்பாவை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். அதோடு என் பைப்பைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெருப்பு பட்டதும் பெயிண்ட் எரிந்து கறும்புகை வந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைப் புகை. பஞ்சு மாதிரி பொடிப்பொடியாக ஏதோ மிதந்து அவர் புருவத்தில் உட்கார்ந்தது. அவர் நெருப்பைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், இது தண்ணி பைப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகமாகக்கூட இல்லை. டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"சேச்சே, இல்லீங்க. பெயிண்ட்டுதான் எரியுது."

"சரி சார்" என்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். நான் புகை தாங்காமல் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அவர் உள்ளேயே ஒரு மணி நேரம் வேலை பார்த்தார்.

வண்டியை உதைத்தேன். அப்படி ஒரு சத்தம்! டுப், டுப், டுப் என்று நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதர் பேசுவது மாதிரி. அவருக்கும் சந்தோஷம். இருமிக்கொண்டே சிரித்தார். நான் பிரம்மதேசத்துக்குப் பறந்தேன். சகலை வண்டியை மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கும் உங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுதான சகல? அதுக்கு மட்டும் புது பைப்பு மாட்டிட்டீங்களே" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. கோழிக்குழம்பு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது மணி நாலு இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொட்டகையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். எடுத்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தினேன்.

கொட்டகை சாத்தியிருந்தது. வீட்டுக்குள் அவர் தரையில் சுருண்டு கிடந்தார். அந்த வெயிலில், மேலே கம்பளி, கம்பளிக்கு மேல் இரண்டு சாக்கு. அப்படியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் வாசலில் கேட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "நல்லாத்தான் இருந்தாரு சார். மதியம் சோறு வாணாம்னாரு. வாயெல்லாம் தித்திப்பா இருக்குதுன்னாரு. இப்ப பாருங்க, எப்படி நடுங்கிக்கினு கெடக்குறாரு! ரிக்‌ஷாவுக்கு ஆளு அனுப்பி அரை மணியாவுது" என்றார்.

 ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் "வண்டியில ஏத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவரை என் பின்னால் உட்காரவைத்து, அவர் மனைவி பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினார். போகிற வழி முழுக்க அவர் தாடை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கீழே அந்தப் பைப் டுப், டுப் என்று நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தது. காலையில் எனக்கு அவ்வளவு பிடித்த சத்தம், அப்போது காதை அடைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

ஒரு டாக்டரம்மா வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்தார். படுக்கவைத்துப் பார்த்தார். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது, மூச்சு இழுத்தது. அதற்குள் அவர் மனைவியும் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார்.

"மலேரியா மாதிரி இருக்கு. ரத்தம் எடுத்துடலாம், மாத்திரையும் ஆரம்பிச்சுடலாம்" என்ற டாக்டரம்மா, எழுத ஆரம்பித்தவர் நிறுத்தி, "இன்னைக்கு என்ன வேலை பாத்தாரு? பூச்சு போட்ட பைப்பு, தகரம் ஏதாவது பத்தவெச்சாரா?" என்று கேட்டார்.

மனைவி உடனே, "அய்யோ, இல்லீங்கம்மா. அத அவரு தொடவே மாட்டாரு. இந்த சாரு பைப்புதான், வெறும் இரும்பு. வேணும்னா சாரையே கேளுங்க" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பேனா காகிதத்தின் மேல் நின்றது. எனக்குத் தலை ஆட்டத்தான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், பாதி ஆட்டிவிட்டேன். அப்போது கட்டிலில் இருந்தவர், "சாரு சொன்னாரும்மா... பெயிண்ட்டுதான்னு" என்று பல்லுக்கு நடுவே சொன்னார். எனக்காகச் சாட்சி சொல்கிறார்!

"தண்ணி பைப்புதாங்க" என்றேன். "எங்க வீட்டுக் கைப்பம்பு பைப்பு. தெரியக்கூடாதுன்னு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். அவர் கேட்டார். இல்லைன்னு சொல்லிட்டேன்."

யாரும் என்னைத் திட்டவில்லை. டாக்டரம்மா எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டார். "இப்பவாவது சொன்னீங்களே. அந்தத் துத்தநாகப் பூச்சுப் புகை உள்ள போனா இப்படித்தான் குளிர் கண்டு காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். ஆனா மூச்சைக் கவனிக்கணும், இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

வெல்டர் என் பக்கம் திரும்பினார். "பஞ்சு பறக்கறப்பவே நெனச்சேன் சார். சாரு இல்லன்றாரேன்னு வுட்டுட்டேன்."

முப்பது வருஷம் அலுவலகத்தில் மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியவன் நான். அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் என்னைச் சுட்டதில்லை. அவர் தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பியிருக்கிறார்.

அவர் மனைவி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தீங்க இல்ல?" என்று கேட்டார். 

வண்டியை அவர் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பினேன். கிளினிக்கில் கட்டில் காலி.  "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போயாச்சு" என்றார் அங்கிருந்த நர்ஸம்மா. மரக்காணம் ரோடு வரைக்கும் நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். என் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அந்தப் பைப்பை ரம்பத்தால் அறுத்து எடுத்துக் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"மன்னிச்சுடுங்க மேஸ்திரி. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடறேன்" என்றேன்.

"விழுப்புரம் வரிக்குமா? அப்புறம் நான் உங்கள தூக்கிக்கினு டாக்டராண்ட ஓடணும்." சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "வண்டி இன்னா சார் தப்பு பண்ணிச்சி? ரெண்டு நாள் போவட்டும். நானே நல்ல பைப்பு பாத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் மனைவி அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் போனபோது, வெல்டர் வாங்கி வைத்திருந்த கறுப்பு பைப்பையும் ஓர் அரத்தையும் என் கையில் கொடுத்தார். "தேயிங்க சார்."

"இது நீங்க வாங்கினதுதானேம்மா?"

"இருக்கட்டும். எட்டணாக் காசு அகலத்துக்குத் தேச்சி உள்ளார இன்னா இருக்குதுன்னு காட்டுங்க. அப்புறந்தான் அது கொட்டாயிக்குள்ள போவும்."

தேய்த்தேன். வெறும் இரும்பு. அவர் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு வேலை மரத்தடியில், காற்றோட்டமாக நடந்தது. காற்று அடிக்கிற பக்கம் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். நெருப்பு மூன்று தரம் அணைந்தது. மூன்று தரமும் வெல்டர் பொறுமையாகப் பற்றவைத்தார்.

நாலைந்து வருஷம் கழித்து, வண்டிக்கு ஏதோ சின்ன வேலை என்று அங்கே போயிருந்தேன். ஒரு டிராக்டர்காரர் வியர்க்க விறுவிறுக்க ஒரு குழாயை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னாய்யா இது, வெல்டிங் பண்ண வந்தா வேலை வாங்கறாங்க" என்று என்னிடம் முறையிட்டார். அந்தம்மா உள்ளேயிருந்து, "ஜல்தி தேயிங்க அண்ணே. இதுக்குப் பேரு குமாஸ்தா கீறல். ஆரம்பிச்சி வெச்சவரு உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு" என்று குரல் கொடுத்தார். கொட்டகைச் சுவரில் ஆணியில் என் வீட்டுக் கைப்பம்பு பைப் அப்படியே தொங்கியது. வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நானும் அசடு வழிய ஒன்று வைத்தேன்.

வண்டி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அதே டுப், டுப்தான். எனக்கும் வயதாகிவிட்டது, பொய் சொல்லாத மகானாகவெல்லாம் ஆகிவிடவில்லை. சகலையிடம் வண்டி மைலேஜைப் பற்றி இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் யாராவது என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் சொல்வதைக் கேட்டுத் தன் கண்ணாடியை இறக்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார் என்று தோன்றினால், என் பதிலை எட்டணா அகலத்துக்காவது தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.