நரி வந்த பக்கம்

நரியைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் முதலில் மரவள்ளியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சண்டை தொடங்கி, காங்கேசன்துறைப் பக்கத்து எங்கள் ஊரை விட்டு ஓடிவந்து, பண்டத்தரிப்பில் பெரியம்மாவின் வளவில் ஓலைக் கொட்டில் போட்டிருந்த காலம் அது. அப்பா கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார். அம்மாவும் நானும் கைக்குழந்தையான தங்கச்சியும், எங்களோடு மாமாவும். அரிசி வந்தால் வந்தது, வராவிட்டால் மரவள்ளிதான். காலையில் அவியல், மத்தியானம் கறி, இரவில் மிச்சம். இப்போதும் மரவள்ளியைக் கண்டால் என் வாய் ஊறும், வயிறோ வேண்டாம் என்னும்.

அந்த மரவள்ளி பெரியப்பாவின் தோட்டத்தில் விளைந்தது. விளைந்தது என்றா சொன்னேன்? மேலே இலை விளைந்தது. தடியைப் பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்காது, கோது மட்டும் வரும். எல்லாம் அகழான் எலியின் வேலை. பெரியப்பா பொறி வைத்தார், வளைக்குள் புகை போட்டார், தண்ணீர் விட்டார். எலிகள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டன.

மாரி தொடங்கிய கையோடு ஒரு பின்னேரம் பனை வடலிப் பக்கம் ஊளை கேட்டது. நான் ஏதோ குழந்தை அழுகிறது என்று நினைத்தேன். எங்கள் வயதுப் பிள்ளைகள் யாரும் நரி பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் நரியை முடித்ததே அப்பு காலத்து ஆட்கள்தான். அப்பு என்றால் அம்மாவின் தகப்பன். பெரியம்மா, அம்மா, மாமா மூன்று பேருமே அவரை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள், ஊரும் அப்படித்தான். ஆடுகளைக் காக்கவென்று இளந்தாரிக் காலத்தில் தடியும் நாயுமாகத் திரிந்து கடைசி நரி வரைக்கும் கலைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் பொழுதுபடுகிற நேரம் பழைய பிஸ்கற் தகரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு ஊரில் எங்கள் வளவைச் சுற்றிவருவார்.

"இப்ப நரி இல்லைத்தானே அப்பு?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் தட்டிறதாலைதானேயடா இல்லை" என்பார்.

நாங்கள் ஓடிவந்தபோது அப்பு மட்டும் வரவில்லை. மாடு கன்று போடுகிற நிலையில் நின்றது. "மாடு கண்டு போட்டவுடனை வாறன், நீங்கள் நடவுங்கோ" என்றார். பிறகு பாதை பூட்டுப்பட்டது. ஆமிக்காரர் அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டார்கள், ஒரு செய்தியும் இல்லை. பெரியம்மா விளக்கு வைக்கும்போது ஒவ்வொரு நாளும் சொல்வார்: "இப்ப அப்பு தகரம் தட்டிக்கொண்டு நிப்பார்." அம்மா "ஓம் அக்கா" என்பார். அதோடு அன்றைய கதை முடியும்.

நரி வந்து கொஞ்ச நாளில் எலியைக் காணவில்லை. பெரியப்பா ஒரு மரவள்ளித் தடியை முழுக் கிழங்கோடு பிடுங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உதுகளுக்கு ஒரு பொங்கல் வைக்க வேணும்" என்றார்.

அம்மாவுக்குக் கோபம். அவரிடம் இருந்தது ஒரு மறியாடும் அதன் குட்டியும்தான். தங்கச்சிக்குப் பால் அந்த ஆட்டில்தான்.

"பொங்குங்கோ அத்தான். பிறகு என்ரை குட்டியை வைச்சுப் படையுங்கோ."

"நரி ஆட்டுக்கு வராது பிள்ளை. எலி இருக்குமட்டும் அதுக்கு எலி காணும்."

"எலி முடிஞ்சால் என்ன செய்யும்?" என்றார் மாமா.

பெரியப்பா காதைச் சொறிந்தார். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "சனம் இருக்கிற இடத்திலை நரி தங்காது. மனிசச் சத்தம், அடுப்புப் புகை அதுக்கு ஆகாது. உது மாதகல் கடற்கரைப் பத்தையுக்கையிருந்துதான் வருது."

ஒரு நாள் இரவு மழை பெய்தது. விடியப் பார்த்தால் ஆட்டுக்குட்டி இல்லை. மறியாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அம்மாவும் மாமாவும் நானும் ஆட்டுக் கொட்டிலடியில் நின்றோம். ஈரச் செம்மண்ணில் அடி அச்சுக் குத்தினதுபோல் கிடந்தது. வந்த அடி, போன அடி, பக்கத்தில் குட்டியை இழுத்த கோடு. எல்லாம் கிழக்கு வேலியில் நாய் நுழைகிற பொட்டால் வெளியே போய், ஒழுங்கை வழியே நீண்டன. நாங்கள் ஊரிலிருந்து மூட்டையோடு வந்ததும் அதே ஒழுங்கையால்தான்.

மாமா குனிந்து பார்த்தார். பொட்டைத் தாண்டி ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"மாதகல் பக்கத்தாலைதான் வந்திருக்கு சின்னக்கா."

"இல்லை மாமா! அடி இஞ்சாலை கிடக்கு" என்றேன்.

"உனக்கென்னடா தெரியும்? போய் ஆட்டுக்குக் குழை போடு."

அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒழுங்கையைப் பார்த்தார். குட்டி போனதற்கு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைப்பார் என்று நான் காத்திருந்தேன். கிணற்றடியில் கப்பிச் சத்தம் கேட்டது, பெரியம்மா எழும்பிவிட்டார். அம்மா ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்துக் கொட்டிலடியிலிருந்து கூட்டத் தொடங்கினார். பொட்டைத் தாண்டி ஒழுங்கையையும் கூட்டினார். ஈர மண் விளக்குமாற்றில் ஒட்டியது. கூட்டுப்படாத இடத்தைக் காலால் தேய்த்தார்.

பெரியம்மா வாளியோடு வந்தார். "என்னடி, ஊர் ஒழுங்கையை ஏன் கூட்டிறாய்?"

"குட்டியை நரி கொண்டுபோட்டுது அக்கா. மாதகல் பக்கத்தாலை வந்ததாம்."

"ஆர் சொன்னது?"

"தம்பி அடி பாத்தவன்."

பெரியம்மா, அம்மா கூட்டின ஒழுங்கையை ஊர்ப் பக்கம் முடியுமட்டும் பார்த்தார். வாளியில் இருந்த தண்ணீரை அப்படியே அந்த மண்ணில் ஊற்றினார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடியைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டியைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று அழுதேன். வாங்கோ போவம் என்று மாமாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"அங்காலை போகேலாதடா" என்றார். ஒழுங்கைப் பக்கம் திரும்பாமல் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று முழுக்க அக்கம்பக்கத்துக் கொட்டில் பெடியள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்: எங்கள் மாமாவுக்கு நரிக்குப் பயம்.