ஊருக்குப் போன நானா

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நானா அஃபரி தம் இடது கால் பெருவிரலுக்குச் செருப்பு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு பாலிஷ். பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நகத்தின் ஓரம், தோல் மடிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. இடது விரலில் கோளாறு ஏதும் கிடையாது. கோளாறு வலது விரலில். சர்க்கரை நோயில் அது கருத்துப்போய் நாளாயிற்று. அதை வெளுக்க வைக்க வழியில்லை. இதையும் கருப்பாக்கிவிட்டால் இரண்டும் ஜோடி என்று ஊர் நினைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

"இந்த மூளைக்கா ஜனங்க ஓட்டுப் போட்டாங்க!" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, பாலிஷை இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொண்டார்.

அபெத்திம் ஊரில் தலைவருக்கு நானா என்று பட்டம்; அந்த ஆசனத்தில் அமர்கிறவன் உடம்பில் ஒன்றும் குறையக் கூடாது. பல் விழுந்தால்கூடப் பொய்ப்பல் கட்டிக்கொண்டுதான் சபைக்கு வரவேண்டும். அவன் வெறுங்கால் மண்ணில் படக் கூடாது. பட்டால் பதவி போயிற்று. தலைவரை இறக்க நினைப்பவர்கள் அவரை அடிக்கவோ துரத்தவோ வேண்டியதில்லை, செருப்பை உருவினால் போதும். அந்தச் செருப்போ பெருவிரல் இடுக்கில் வார் கோத்த செருப்பு. பெருவிரல் இல்லாத காலில் அது நிற்காது.

அஃபரி தலைவராகப் பிறந்தவர் அல்ல. கோகோ மூட்டை எடை போடுகிறவரின் மகன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு தேர்தலில் நின்றதால் பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஜெயித்தும் விட்டார். எதிராளி பிரசார வாரம் முழுக்க மலேரியாவில் கிடந்ததை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. பாராளுமன்றத்தில் அவர் வாயைத் திறந்தது கொட்டாவி விடத்தான். பேசலாம் என்று ஒருவழியாகத் துணிந்தபோது சிப்பாய்கள் வந்து கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுபடி தேர்தல் வந்து மறுபடி நின்றபோது, கட்டின மனைவியே ஓட்டுப் போடவில்லை.

"நீங்க ஜெயிச்சா வீட்டுக்கு வர்ற கூட்டத்துக்கு யாரு சமைக்கிறது?" என்று என்யோனம் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அதன் பிறகு தலைநகரில் சில வருடம் சிமெண்ட் விற்று நஷ்டப்பட்டார். அபெத்திமின் பழைய தலைவர் காலமானபோது, அடுத்தவரைச் சொல்லும் உரிமை ராணித்தாய்க்கு. ராணித்தாய் அஃபரியின் அக்கா டூஃபி. வம்சத்தில் மற்ற ஆண்களுக்கெல்லாம் வேலை இருந்ததால் அவள் தம்பி பெயரைச் சொன்னாள். இதையும் அவரே விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய நான்கு பிள்ளைகளுக்கும் ஆசனத்தில் பங்கில்லை, அது பெண் வழிச் சொத்து. அவருக்குப் பின் அக்கா மகன் அம்பெம். டயர் விற்கிறவன், வாட்டசாட்டமான ஆள்.

சிரித்தாரே தவிர, ஆசனத்தை விட அவருக்கு மனமில்லை. வாத்தியாராக, உறுப்பினராக, சிமெண்ட் வியாபாரியாக அவர் நுழைந்தபோதெல்லாம் உட்கார்ந்தே இருந்த ஊர், இப்போதுதான் எழுந்து நிற்கிறது. ஒரு விரலுக்காக அதை எப்படி விடுவது?

கதவு தட்டப்பட்டது.

"திறங்க."

"குளிக்கிறேன்."

"தண்ணி சத்தமே காணோம். சென்ட் வாசனைதான் தெருவரைக்கும் வருது. அதுக்கு அடியில இன்னொரு நாத்தமும் வருது. அந்த நாத்தம் எனக்குத் தெரியும். திறங்க."

என்யோனம் கடற்கரைக்காரி. அறுவை வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உள்ளே வந்ததும் முதலில் இடது விரலைப் பிடித்துப் பார்த்தாள். துணியால் ஒரு துடை துடைத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வலது விரலைப் பேனா முனையால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லவே இல்ல!" என்றார் பெருமையாக.

"அதான் மோசம். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"விரலை எடுத்துடுவாங்களா?"

"இன்னிக்குப் போனா விரல். இன்னும் கொஞ்ச நாள் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தா முழங்கால்."

"அப்ப ஆசனம்?"

"உட்கார்றது விரல் மேலயா?"

"நீ கடற்கரைக்காரி, உனக்கு இதெல்லாம் புரியாது."

"நல்லாவே புரியுது. சவப்பெட்டிக்குள்ள செருப்பு நிக்குமா நிக்காதான்னு கவலைப்படுறீங்க."

நானா பாலிஷ் டப்பாவை மூடினார். வண்டியில் ஏறும்போது மட்டும், "கோல்காரர் வந்து கேட்டா, ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு" என்றார்.

அரசியல் நாளில் பழகிய பொய் அது. பள்ளிக் கட்டணம், சாவுச் செலவு என்று வாசலில் ஆள் நிற்கும்போது அவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பார். என்யோனம், "ஊருக்குப் போயிருக்கார்" என்று அனுப்பிவைப்பாள். நாக்குக்கு அது தானாக வந்துவிட்டது. ஒரு தலைவர் அதைச் சொல்லலாமா என்று நாக்கு யோசிக்கவில்லை.

அபெத்திமில் தலைவர்கள் சாவதில்லை. செத்தார் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்பார்கள்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வந்த என்யோனம், சூப்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். சபையில் தலைவரின் சொல்லை உரக்க எடுத்துச் சொல்லும் கோல்காரர் இன்சியா, தங்கப்பூண் போட்ட கோலுடன் வந்து நின்றார். மிளகாய்க் காட்டத்தில் அவள் கண் இரண்டும் சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தன. பழைய தலைவர் போனபோது அவள் தலைநகரில் இருந்தவள். இந்த ஊர் வழக்கம் அவள் காதுக்கு வந்ததில்லை.

"நானா எங்கம்மா?"

"ஊருக்குப் போயிட்டாருங்க."

கோல் கைநழுவிக் கல்லில் விழுந்தது.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். நான் கூடவேதான் இருந்தேன்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"ஒரு கஷ்டமும் இல்ல. வண்டியிலயே கண்ணை மூடிட்டாரு."

"எங்கே வச்சிருக்கீங்க?"

என்யோனம் பொய்யை அதற்கு மேல் இழுக்கத் தெரியாதவள். "மாவட்ட ஆஸ்பத்திரியில" என்று ஒப்புக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்வேனாம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார் இன்சியா. பெரியவர்களிடம் மட்டும் சொன்னார். ராணித்தாயிடம் சொன்னார். சந்தை மூடியது. முரசுகளைத் துணியால் மூடினார்கள். கருப்புத் துணி விற்கிறவன் விலையை ஏற்றினான்.

அடுத்த நாள் நானா, விரல் போன காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு என்யோனம் பக்கத்தில் இருக்க, பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, இன்சியா சாவுச் சடங்குக்கு ஒரு புட்டி ஜின்னும் வெள்ளைத் துணியும் ஏந்தி வார்டுக்குள் வந்தார். பார்த்ததும் புட்டியோடு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நானா! நீங்க... ஊருக்குப் போகலையா?"

நானாவின் வாயில் மீன் அப்படியே நின்றது. இன்சியாவின் கருப்பு உடுப்பைப் பார்த்தார்; வெள்ளைத் துணியைப் பார்த்தார். தாம் சொல்லிக் கொடுத்த பொய்க்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"போனேன் இன்சியா. அங்க சாப்பாடு சரியில்ல, திரும்பிட்டேன்."

சிரித்து முடித்தபின் இன்சியா போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கட்டைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று. நானா சைகையால் காட்டினார்: பெருவிரல், இல்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றார் இன்சியா மெதுவாக.

"டாக்டருக்கு. இவளுக்கு. எனக்கு. விரலுக்கு."

"அப்ப மறைச்சிடலாம். தச்சன்கிட்ட மரத்துல ஒரு விரல் செய்யச் சொல்றேன். வார்ல கோத்துக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. செத்துப் பிழைச்ச தலைவர்னு ஊரே காலில விழும்."

நானாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்யோனம் மருந்துத் தட்டை நங்கென்று வைத்தாள்.

"செய்யச் சொல்லுங்க. நாலா செய்யச் சொல்லுங்க. மரம் உராய்ஞ்சா பக்கத்து விரல் புண்ணாகும், அதுக்கும் பக்கத்து விரல் புண்ணாகும். மாத்தி மாத்திப் போட வேணும்ல? கடைசியில முழுசா மரத்தலைவரா உக்காத்தி வைக்கலாம்."

அன்று சாயங்காலம் அவர் பிடிவாதமாக ஆசனச் செருப்பைக் கொண்டுவரச் சொல்லி, கட்டுக் காலில் மாட்டிப் பார்த்தார். காலைத் தூக்கினால் செருப்பு தரையிலேயே இருந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி இருந்தது. எழுந்து நின்ற ஊரெல்லாம் அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் எழுந்ததோ என்னவோ, என்று அவருக்குத் தோன்றியது. செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"மரவிரல் வேண்டாம்" என்றார் கடைசியில். "இனி ஒரு பொய் சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கே தெரியாது. அக்காகிட்ட சபையைக் கூட்டச் சொல்லுங்க."

வீடு திரும்பியதும் சபை கூடியது. தலைவரை எல்லார் முன்னிலும் திட்டும் உரிமை ஊரில் ராணித்தாய் ஒருத்திக்குத்தான் உண்டு. டூஃபி அவரைப் பிறந்த பெயரிலேயே கூப்பிட்டாள், அந்த உரிமையில் ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை.

"ஏண்டா யாவ்! நீ மீன் தின்னுக்கிட்டு இருந்த நேரத்துல நான் பட்டினி கிடந்து அழுதேனேடா! என் கண்ணீரை எந்தப் பாத்திரத்துல பிடிச்சுத் திருப்பித் தருவே?"

"தப்புதான் அக்கா. கொஞ்சம் நல்லாப் பொரிச்ச மீனு."

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"விரல் போச்சுங்கிறாங்களே, நிஜமா?" என்று கேட்டாள் டூஃபி.

இன்சியா அழகாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானா அவர் கையைத் தட்டி அடக்கிவிட்டு, தாமே வாய் திறந்தார். "நிஜம் அக்கா. அம்பெமுக்குப் பத்தும் இருக்கு, உயரமும் இருக்கு. என்னை ஏத்தினது நீ. நீயே இறக்கிடு."

டூஃபி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள். கட்டுக் காலுக்கு அடியில் வைத்திருந்த செருப்பைத் தள்ளிவிட்டு, காலை மண்ணில் இறக்கப் போனாள்.

"வைக்காதீங்க!" என்று என்யோனம் பாய்ந்து வந்தாள். "தையல் இன்னும் ஆறல! மண்ணு பட்டா சீழ் பிடிக்கும்!"

"மண்ணு படாம எப்படிம்மா இறக்குறது?" என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப இந்தக் காலு மட்டும் தலைவராவே இருக்கட்டும். நல்ல காலை வைங்க."

ஒரு கால் போதுமா, இரண்டும் பட வேண்டுமா என்று பெரியவர்கள் வெயிலில் நின்று வாதாடினார்கள். நானாவுக்கே கழுத்து வலித்தது. "ஏற்கெனவே ஒரு பகுதி மண்ணுக்குள்ளதான் இருக்கு, அதையும் கணக்குல சேர்த்துக்குங்க" என்றார். டூஃபி இடது செருப்பை உருவி, அந்தப் பாதத்தைப் பிடித்துத் தரையில் வைத்தாள்.

"ஐயோ, சுடுது!" என்று அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சுடுதா? நல்லது" என்றாள் என்யோனம். "அந்தக் காலுக்கு உணர்ச்சி இருக்கு."

சிலர் சிரித்தார்கள். டூஃபி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழக்கப்படி முன்னோர்களுக்கு மண்ணில் ஜின் ஊற்றினார்கள். அம்பெமின் காலுக்குச் செருப்பு அளவெடுக்க ஆள் போயிற்று.

மறுநாள் காலை என்யோனம் கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டு, ஊன்றுகோலைக் கையில் கொடுத்தாள். யாவ் அஃபரி கதவைத் தாமே திறந்துகொண்டு சாலை முனைவரை போனார். தலைவர்கள் பிறர் கண்ணெதிரில் சாப்பிடுவதில்லை. அவர் சுட்ட வாழைக்காய் விற்கிற பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வாழைக்காயும் நிலக்கடலையும் கேட்டார். விற்கிறவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மறுபடி எழுந்தாள்.

"உட்காரும்மா" என்றார். "அது கருகிடப் போகுது."

பாதி தின்பதற்குள் என்யோனம் பின்னாலேயே வந்துவிட்டாள். சர்க்கரைக்காரருக்குப் பாதிதான். மீதியைக் கையிலிருந்து வாங்கி, அங்கேயே நின்று, அவளே தின்றாள்.