போன் வெளிய நிறுத்துன பேச்சு

அந்த போன் ரிப்பேர்க்காரரப் பத்தி ஒனக்கு எதுக்குடி? வேலையில்லாதவளே, கேட்டுத் தொலை.

வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுல கடை. காதுல ஸ்க்ரூடிரைவர சொருகியிருப்பாரு. என் போன் அப்டேட் ஆனதுலருந்து, செத்துப்போன ஒங்க தாத்தா பேச்சைப் பதிஞ்சு வச்ச ஆப் தெறக்கலன்னு அவருகிட்டக் கொண்டு போனேன்.

"திருட்டு ஆப் நுழையக் கூடாதுன்னு போன் உள்ளயே பூட்டிக்கிருச்சு ஆத்தா. இந்தப் பழைய ஆப்பையும் திருடன்னு தடுத்துருச்சு."

"அவரு என் வெத்தலையத் தவிர எதையும் திருடலையேய்யா!"

சிரிச்சுக்கிட்டே, வயரைக் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பேச்சை வெளிய எடுத்தாரு. யாரு வீட்டுப் பேச்சா இருந்தாலும் ஹெட்போனைக் குடுத்துட்டு சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிருவாராம்.

"ஏ கழுத, சாப்பிட்டியா?"ன்னாரு ஒங்க தாத்தா. அழுதுட்டேன். சுவத்தப் பாத்து நின்ன கடைக்காரரு திரும்பவே இல்ல. அப்படி ஒரு ஆள இன்னைக்கி வரைக்கும் பாக்கல.

போன்ல தாத்தா என்ன பேசுனாருன்னு அக்கம்பக்கத்துல கேட்டாளுக. "மகராசி, சாப்பிட்டியா"ன்னு கேட்டாருன்னு சொல்லிட்டேன்.